அறுபத்திரண்டும் அக்காவின் ஒரு நிமிஷமும்

அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்ட அவருக்கு யாராவது வாசித்துக் காட்டுவார்கள். உடனே எனக்குப் போன் வரும். "ஏனுங்க மாஸ்டர், என்னயப் பத்தி எழுதியிருக்கீங்களாமா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருப்பார். அந்த ஒரு நிமிஷத்தைத் தாங்குகிற இருதயம் எனக்கு இல்லை.

அந்த ஒரு நிமிஷம்தான் அக்கா. எதைச் சொன்னாலும், எதைக் கேட்டாலும், பதிலுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நம் முகத்தைப் பார்த்தபடி பேசாமல் நிற்பார். கோபம் கிடையாது, முறைப்பு கிடையாது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் ரோட்டைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். நம்முடைய வாய்தான் சும்மா இருக்காது. அவருடைய காய்கறி மண்டிக்கு மூன்று மணி நேரம் தாமதமாக வந்த ஒரு லாரி டிரைவர், "டயர் பஞ்சர்க்கா" என்று ஆரம்பித்தார். அக்கா பார்த்தார். "பஞ்சர்னா முழுப் பஞ்சர் இல்லக்கா." அக்கா பார்த்தார். "வத்தலக்குண்டுல மச்சினிக்கு வளைகாப்பு. வண்டிய ஓரமா நிப்பாட்டிட்டு ஒரு வாய் சாப்ட்டு வந்தேன்." அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார்: "வளையல் போட்டாச்சுங்களா? சரி, தக்காளிய எறக்குங்க."

நான் திண்டுக்கல்லில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். இருபத்தைந்து வருஷமாக ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். எனக்கென்று அதில் ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை. பயம் வந்தால் எனக்குக் கடலை தின்ன வேண்டும். மாமனார் ஊர் குஜிலியம்பாறை. அங்கேயிருந்து தொலியோடு வறுத்த கடலை மாதம் ஒரு பை வரும். சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உடைத்து உடைத்துத் தின்றால் நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் அடங்கும். ஒரு பை எனக்குப் பதினைந்து நாள்தான் வரும் என்பதிலிருந்து என் வீரத்தை நீங்கள் அளந்துகொள்ளலாம்.

அக்கா நாற்பத்தைந்து வயதில் என்னிடம் கார் பழக வந்தார். தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர், பேச்செல்லாம் 'ங்க'தான். மூன்றாம் நாள், வத்தலக்குண்டு ரோட்டில், எதிரே ஒரு பஸ் நடு ரோட்டைத் தன் சொந்தப் பட்டாவாக நினைத்து வந்தது. நான் என் பக்கத்துப் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, "மாதாவே!" என்று கத்தினேன். வண்டி நின்றது. பஸ் போய்விட்டது. அக்கா என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம். பிறகு கேட்டார்: "மாஸ்டர், நீங்க ஏனுங்க கண்ண மூடுனீங்க?"

அன்றிலிருந்து எங்கள் பழக்கம். பழைய அம்பாசடர் ஒன்று, பழைய ஜீப் ஒன்று என்று வாங்கி, ஊருக்கு வெளியே தன் தோட்டத்து ஷெட்டில் நிறுத்தினார். எல்லாம் ஓடுகிற வண்டிகள். துடைத்து வைத்துப் பார்க்கிற வேலையெல்லாம் அவரிடம் கிடையாது. பிறகு எப்போதோ போனில் அமெரிக்கக் கார் பந்தயம் பார்க்க ஆரம்பித்தார். தெருவில் ஓடுகிற வண்டி மாதிரியே இருக்கும். உள்ளேயெல்லாம் பிரித்துப்போட்டு, இரும்புக் குழாய்க் கூண்டு வைத்து, முட்டை வடிவ மைதானத்தில் முட்டி மோதிக்கொண்டு சுற்றுவார்கள்.

"இதுல என்னக்கா இருக்கு? சுத்துன எடத்தையே சுத்துறாய்ங்க" என்றேன்.

ஒரு நிமிஷம். "ஆனா ஒருத்தருமே எதுத்தாப்புல வர்றதில்ல, பாத்தீங்களா? இப்படியொரு ரோடு நம்மூருல இருந்திருந்தா நானும் சாம்பியனுங்க."

ஐம்பது வயசு தாண்டிய கார்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாம் என்று விதி தளர்ந்த சமயத்தில், அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினார். நீல வண்டி. கதவில் வெள்ளையில் 62. வலது பக்கம் முழுக்க நசுங்கல். அங்கே ஒரு காலத்தில் பெரிய பட்டமெல்லாம் வாங்கிய ஒரு சாம்பியன் ஓட்டியது. அவர் காலமாகிவிட்டார். வண்டி அவருடைய தம்பியிடம் இருந்தது. எண்பது தாண்டிய கிழவர். அண்ணன் ஓட்ட, தம்பி ஸ்பானர் பிடித்திருக்கிறார். கதவில் அந்த எண்ணை எழுதியதும் அவருடைய கைதான்.

அவரோடு பேச வேண்டும், இங்கிலீஷ் வேண்டும். நான் பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் படித்தவன் என்பதால் அக்காவுக்கு நானே துபாஷி. வண்டியைத் தரக் கிழவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அதைத் தமிழில் சொன்னதும் சாட்சாத் நான்தான்: "வண்டியில ஒரு கோடுகூட மாத்தக்கூடாதாம். நசுங்கல் நசுங்கலாவே இருக்கணும், பெயிண்ட் அதே பெயிண்டா இருக்கணுமாம். வண்டி இங்க வந்து நின்னதும் வீடியோவுல பாப்பாராம். பாத்துட்டுத்தான், 'என் அண்ணன் ஓட்டுன வண்டி இதுதான்'னு தன் கையால எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவாராம்."

அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அது வெறும் பழைய இரும்பு. சாம்பியன் உட்கார்ந்த வண்டி என்று உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அக்கா ஒரு நிமிஷம் யோசித்து, "நியாயந்தானுங்க" என்றார்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் வண்டியை எடுத்துவர நானும் போனேன். கன்டெய்னரைத் திறந்ததும் என் கை தானாகக் கடலைப் பாக்கெட்டுக்குப் போனது, சந்தோஷத்தில்தான். நேரில் பார்த்தால் அது சும்மா நிற்கிற வண்டி மாதிரியே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. வலப்பக்கம் சுவர் சுவராக உரசி அந்தப் பக்கத்து எண் அழிந்தே போயிருந்தது. கூரையில் இருந்தது வெயிலில் வெளுத்துவிட்டது. இடது கதவில் மட்டும்தான் அந்த 62 தெளிவாக நின்றது.

திரும்பும் வழியில் டிரெய்லர் டயர் வெடித்தது. ஒன்று. தோட்டத்தில் இறக்கும்போது இழுவைக் கயிறு அறுந்து, வண்டி பின்னால் உருண்டு, தென்னை மரத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. இரண்டு. அந்தச் சமயத்தில் வண்டிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தது யார்? நான்தான். பாக்கெட்டில் இருந்த கடலை முழுவதும் அந்த ஒரு சாணுக்குள் தீர்ந்தது. அப்புறம் இறங்கப் பார்த்தால் கதவு திறக்கவில்லை. பந்தய வண்டியில் கதவை வெல்டிங் வைத்து மூடிவிடுவார்களாம். ஜன்னல் வழியாகத்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். ஏறும்போது எப்படியோ நுழைந்துவிட்ட வயிறு, இறங்கும்போது மறுத்துவிட்டது. கால் மணி நேரம் பாதி உள்ளே பாதி வெளியே தொங்கினேன். மூன்று.

தொங்கிக்கொண்டிருந்தபோது என் மூக்குக்கு நேரே தலைகீழாக 62 தெரிந்தது. ஆறும் இரண்டும் எட்டு. சனி! எங்கள் ஊரில் கூட்டு எண் எட்டு வருகிற வண்டியை யார் தொடுவார்கள்? ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கிறிஸ்தவனுக்குச் சனியோடு என்ன சகவாசம் என்று நீங்கள் கேட்கலாம். ஸ்டெல்லாவும், அதாவது என் வீட்டுக்காரியும், அதையேதான் கேட்டாள்.

"ஏங்க, அந்த மனுசன் இதே நம்பர்லதான ஜெயிச்சாரு?"

"அது அமெரிக்கா எட்டுடி. இது திண்டுக்கல் எட்டு."

"தெனம் அம்புட்டுப் பேருக்கு எட்டுப் போடச் சொல்லிக் குடுத்துத்தான நமக்குச் சோறு?"

நான் கடலைப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

அக்கா தன் தம்பி மகன் கல்யாணத்துக்காக வெள்ளிக்கிழமை காலை தொப்பம்பட்டிக்குக் கிளம்பினார். ஷெட் சாவியை என்னிடம் கொடுத்தார். சனிக்கிழமை திரும்புவார். ஞாயிறு மாலை கிழவரோடு வீடியோ. எனக்கு ஒரே நினைப்புத்தான்: வீடியோ முடிந்ததும் இன்ஜினை ஸ்டார்ட் செய்து அக்கா ஓட்டப்போகிறார். எட்டில் ஏறி உட்காரப்போகிறார். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டை மூன்றாக்கினால் அறுபத்து மூன்று, கூட்டினால் ஒன்பது. முதல் ஓட்டம் ஓடுகிறவரை இருக்கட்டும், வீடியோ நேரத்துக்கு முன்னால் தண்ணீரால் துடைத்து வீடியோ முடிந்ததும் மறுபடி மேலே சுண்ணாம்பில் ஒரு வளைவு போட்டு... எனக்கே அந்தத் திட்டத்தில் ஓட்டை தெரிந்தது. பயந்தவனுக்கு ஓட்டையெல்லாம் வாசல் மாதிரித் தெரியும்.

லாரிகளுக்குப் பெயர் எழுதுகிற ஆர்ட்டிஸ்ட் முத்துவைக் கூப்பிட்டேன். "தண்ணில கரையுற கலர்ல, இந்த ரெண்ட மூணாக்கணும். செத்த நேர வேலைதான்" என்று சொல்லிவிட்டு, மத்தியானம் ஒரு மாணவனுக்கு லைசென்ஸ் டெஸ்ட் இருந்ததால் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தேன். 63. இரண்டின் வால் நீலத்துக்குள் மறைந்திருந்தது. மூன்று அப்படியே தொந்தியும் தொப்பையுமாகப் பளபளவென்று இருந்தது. அதற்கு மஞ்சளில் நிழல் வேறு. அதன் கீழே சின்ன எழுத்தில், 'முத்து ஆர்ட்ஸ், திண்டுக்கல்.'

"ஏலே! தண்ணிக் கலருன்னு சொன்னேன்ல?"

"தண்ணிக் கலர்ல எழுதுறதுக்கு நான் என்ன கோலமாண்ணே போடுறேன்? எனாமல். எம்பேரு கீழ இருக்குல்ல? பத்து வருசம் நிக்கும்."

அந்தப் பத்து வருஷத்தையும் நான் அந்த ஒரே நொடியில் வாழ்ந்து முடித்தேன். துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். தேய்க்கிற தேய்ப்பில் அமெரிக்கப் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடுமோ என்று பயம். பங்குச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அவர் மன்னிப்பார். ஆனால் பெயிண்ட் அவர் அதிகாரத்தில் வராது.

சனிக்கிழமை விடியும்போதே பூ மார்க்கெட்டில் நின்றேன். கட்சித் தலைவர்களுக்குப் போடுகிற அளவில், சம்பங்கியும் ரோஜாவுமாக ஒரு ஆள் உயர மாலை. அதைக் கதவு ஜன்னலில் மாட்டி, மூன்றும் முத்துவும் தெரியாதபடி தொங்கவிட்டேன். 6 மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது.

பத்து மணிக்கு அக்கா வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். மாலைக்கு முன்னால் நின்றார்.

"மாலை எதுக்குங்க மாஸ்டர்?"

"வரவேற்புக்கா. தூரத்துல இருந்து வந்துருக்குல்ல."

பார்த்தார். ஒரு நிமிஷம் ஓட ஆரம்பித்தது. எனக்கு நாக்கு நுனிவரை எல்லாம் வந்துவிட்டது. "பூசைக்கு நேரமாச்சுக்கா!" என்று சொல்லிவிட்டு ஓடினேன். சனிக்கிழமை பத்து மணிக்கு எந்தப் பூசையும் கிடையாது என்பது கேட்டைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

ஞாயிறு மாலை. போனில் கிழவர் வந்தார். தொப்பி, கட்டம் போட்ட சட்டை, பின்னால் ஏதோ மரம். அங்கே அவருக்குக் காலை. அக்கா கைகூப்பினார். அவர் தொப்பியைத் தூக்கினார். நான் போனைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தேன். ஒவ்வொரு நசுங்கலுக்கும் அவர் ஒரு கதை சொன்னார். இது கடைசிச் சுற்றில் பட்டது, இது வேண்டுமென்றே ஒருவன் இடித்தது, இது அண்ணனே கோபத்தில் உதைத்தது. நான் மொழிபெயர்க்க, அக்கா ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்தார். இடப்பக்கக் கதவு வந்தது.

கிழவர் சொன்னார்: பூ அழகாக இருக்கிறது, அதைக் கொஞ்சம் விலக்குங்கள்.

"பூ அழகா இருக்குங்கிறாருக்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "அதுக்கப்புறமும் என்னமோ சொன்னாருங்களே?"

நான் ஒரு கையால் மாலையை இழுத்துச் சரிசெய்தேன். அக்கா பேசவில்லை. போனைப் பார்த்தேன். கிழவரும் பேசவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் புரிந்தது, அவரும் அதே ஜாதி! உலகத்தின் அந்தக் கோடியில் ஒன்று, இந்தக் கோடியில் ஒன்று, இரண்டு ஒரு நிமிஷங்கள். நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நான்.

"நாந்தான்!" என்றேன். "நாந்தான்க்கா, ஐ ஒன்லி சார், ஆறும் ரெண்டும் எட்டு, எயிட், வெரி பேட் சார், கயிறு அறுந்துச்சுக்கா, ஐ ஹேங்கிங் இன் விண்டோ சார், தண்ணிக் கலருன்னு சொன்னேன், எனாமல் அடிச்சுப்புட்டான்!" எதை யாருக்கு எந்த மொழியில் சொன்னேன் என்று கேட்டால் மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

அக்கா மெதுவாக மாலையைக் கழற்றினார். 63 மஞ்சள் நிழலோடு ஜொலித்தது. கிழவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிஷம். பிறகு கேட்டார், எட்டு உங்கள் ஊரில் அவ்வளவு கெட்டதா என்று. ரொம்பக் கெட்டது சார் என்றேன்.

அவர் தலையாட்டினார். தன் அண்ணனும் அப்படித்தான், என்றார். பச்சைச் சட்டை போட்டவனை வண்டிக்குக் கிட்டே விடமாட்டார். அதைவிடப் பயம் வேர்க்கடலைக்குத்தான். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கடலைத் தொலி கிடந்தால் போதும், அன்றைக்கு வண்டி எடுக்கமாட்டார்.

இதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவன், "வேர்க்கடலை" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். சீட்டுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு கைப்பிடி கடலைத் தொலி. அதைப் போனுக்கு நேரே நீட்டினார்.

"நேத்தே சீட்டுக்கு அடியில இருந்து பொறுக்கி வெச்சுட்டனுங்க. மாலையையும் நேத்தே தூக்கிப் பாத்தாச்சு. நீங்களாச் சொல்றீங்களான்னுதான் இருந்தேன்."

எனக்கு ஒரு நிமிஷமே தாங்காது. இந்தப் பெண்மணி ஒன்றரை நாள் சும்மா இருந்திருக்கிறார்!

கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமி, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தார். ஆனால் நான் கடிதத்தைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறியது. துடையுங்கள், என்றார். அடியில் என் எழுத்து இருந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால் இல்லை.

முத்துவுக்குப் போன் போட்டு வரவழைத்தோம். "நல்லாத்தான இருக்கு?" என்று அவன் ஒருமுறை கேட்டுப் பார்த்தான். அக்கா ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி, அழிச்சிர்றேன்" என்றான். கிழவர் அங்கிருந்து சொல்லச் சொல்ல, டர்பன்டைனில் நனைத்த துணியால் ஓரத்திலிருந்து உள்ளே, உள்ளே என்று துடைத்தான். முதலில் முத்து ஆர்ட்ஸ் போனது. அப்புறம் மூன்றின் தொப்பை கரைந்தது. இரண்டே நாள் ஆன பெயிண்ட், நீலம் இன்னும் இறுகாமல் பிசுபிசுவென்று துணியில் வந்தது. அடியில் என்ன வரும் என்று ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் குனிந்துவிட்டோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பழக்கதோஷம்.

"தொறங்க மாஸ்டர்" என்றார் அக்கா.

வெளுத்த வெள்ளையில், கொஞ்சம் கோணலாக, ஒரு கிழட்டு இரண்டு. அந்தக் காலத்தில் ஒரு தம்பி தன் அண்ணனுக்காக எழுதியது. நான் பிறந்த ஊர் எங்கே இருக்கிறது என்றுகூட அறியாத அந்த இரண்டைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அதன் வாலுக்கு அடியில் ஒரு மஞ்சள் கோடு மட்டும் போகவில்லை. முத்து அழுத்தித் தேய்க்கப் போனான். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டுங்க. வாங்குன அடியெல்லாம் அதுமேலதான இருக்குது. இது நம்மூரு அடி."

ஒரு வார்த்தைகூட விடாமல், பூசாமல், கிழவருக்கு அதைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு ஒன்று சொன்னார், அதையும் அப்படியே அக்காவுக்குச் சொன்னேன்: "ஸ்டார்ட் பண்ணச் சொல்றாருக்கா."

அக்கா ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். சேலையை இழுத்துச் செருகினார். ஐம்பத்தெட்டு வயதில், நான் கால் மணி நேரம் தொங்கிய அதே ஜன்னலுக்குள் முதலில் ஒரு கால், அப்புறம் இன்னொரு கால், அப்புறம் ஆள். அவ்வளவுதான். சாவி கிடையாது, ஒரு சுவிட்ச். தட்டினார்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? தென்னை மரத்துக் காக்கையெல்லாம் ஒரே சமயத்தில் ராஜினாமா செய்தன. கீழே கிடந்த மாலை காற்றில் எழுந்து என் கழுத்துக்கே வந்து விழப் பார்த்தது. ஷெட் தகரம் ஆடியது, என் பல் ஆடியது. ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லாத வண்டி என்பதால், தோட்டத்து வண்டிப்பாதையில் கிணற்றைச் சுற்றி ஒரு வட்டம். எதிரே ஒருவரும் வரவில்லை. "போங்கக்கா! போங்க!" என்று நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். எட்டு, ஒன்பது என்று எந்த எண்ணும் எனக்கு ஞாபகம் இல்லை. போனுக்குள் ஒரு கிழவர் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்துப் பார்சல் வந்தது. கடிதத்தை நான்தான் வாசித்தேன். 'இதுதான் அந்த வண்டி. என் அண்ணன் ஓட்டியது. எண் நான் எழுதியது. இரண்டின் கீழே உள்ள மஞ்சள் கோடு திண்டுக்கல்லில் பட்ட அடி.' கீழே கோணல் கையெழுத்து. கூடவே ஒரு தகர டப்பா நிறைய அமெரிக்க வேர்க்கடலை. அதன்மேல் ஒரு சீட்டு: 'டிரைவிங் மாஸ்டருக்கு. வண்டியிலிருந்து நூறடி தள்ளி நின்று சாப்பிடவும்.'

நான் ஒழுக்கமாக நூறடி எண்ணி நடந்து, தென்னை மரத்தடியில் நின்றேன். திரும்பிப் பார்த்தால் டப்பா அக்காவின் கையில். வண்டிக்குப் பக்கத்திலேயே, அந்த இரண்டின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு, மூடியைத் திறந்தார். ஒரு கடலையை எடுத்தார். அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம். வாயில் போட்டு மென்றார்.

"ஏனுங்க மாஸ்டர்! இதுக்கு உங்க மாமனாரு ஊட்டுக் கடலையே தேவலைங்க. பாக்கெட்டுல இருந்தா எடுத்துட்டு வாங்க!"

தொட்டுப் பார்த்தேன். இருந்தது. ஆனால் அந்த முதல் அடியை எடுத்துவைக்க எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.